உன் கிட்னி எனக்கு வேண்டாம், மச்சான்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்க வேண்டும், குறிப்பாக நீ. நான் நலம் என்று எழுதினால் உன் அக்கா பேனாவைப் பிடுங்கிவிடுவாள். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கிட்னி தருவதாக நீ சொன்னதும், பரிசோதனையெல்லாம் பொருந்தியதும், உன் அக்கா உன்னைக் கட்டிக்கொண்டு அழுததும் வாஸ்தவம்தான். அந்த வாக்கிலிருந்து உன்னை இன்றோடு விடுவிக்கிறேன். காரணம் கேள். கிட்னி டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த எடையில வேற கிட்னி வெச்சா புண்ணு ஆறாது, முதல்ல உடம்பக் குறைங்க" என்று வயிற்று டாக்டரிடம் தள்ளிவிட்டார். அவரோ இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுப்பாராம், உடம்பு இளைக்குமாம், அப்புறம்தான் கிட்னியாம். "ஒண்ணு குடுங்கன்னு வந்தா, இருக்கிறதையும் பிடுங்குறீங்களே?" என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

நான் விடுவேனா? கத்தி இல்லாமலே இளைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். டயாலிசிஸுக்குப் போகும்போது எடை பார்த்தேன், முடிந்து இறங்கியதும் மறுபடி பார்த்தேன், மூன்று கிலோவைக் காணோம்! ஒரே காலையில்! அப்படியே மாடியேறி வயிற்று டாக்டர் அறைக்குள் நுழைந்து, "பாத்தீங்களா சார்?" என்று மார்தட்டினேன். பின்னாலேயே ஓடிவந்த நர்ஸம்மா, "அண்ணே, அது மெஷின் எடுத்த தண்ணி. நாளன்னிக்கு வரும்போது திரும்ப ஏறிடும்" என்று போட்டு உடைத்துவிட்டாள். டாக்டர் அப்போதுதான் சிரித்தார், பாவி.

சரி, பிழைப்பைப் பார்ப்போம் என்று டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தால், ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண், "சார், வண்டி ஏன் உங்க பக்கமே சாயுது?" என்கிறாள். ரோட்டைப் பார்த்து ஓட்டும்மா என்று எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்தா உன் அக்கா கிண்ணத்துல என்னத்தையோ தண்ணியா வெச்சுட்டு, எதிர்ல உக்காந்து என்னையே பாக்குறா. உக்காந்தா இருப்புக் கொள்ளல, எழுந்தா மூச்சு வாங்குது. உண்மையைச் சொல்லட்டுமா? பயமா இருக்கு மச்சான். ஒரு தடவை மயக்க ஊசி போட்டாலே எழுந்திருப்பேனான்னு தெரியல, இதுல ரெண்டு தடவையா? எனக்குக் கத்தியும் வேண்டாம், உன் கிட்னியும் வேண்டாம். டயாலிசிஸ்ல ஓடுற வரைக்கும் ஓடட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்களைச் சண்டை வராமல் பங்கிட்டுக் கொடு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
முடிவில் மாற்றமே இல்லாத
உன் அத்தான்

பி.கு.: தபாலில் சேர்க்கக் கொடுத்த கவரை உன் அக்கா பிரித்துப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. "நல்லா பயப்படுங்க, வேணாங்கல. ஆனா நீங்க போயிட்டா நான் யாரைத் திட்டுறது?" என்று கேட்டாள். கவரை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வரும் வெள்ளிக்கிழமை எனக்கு இரைப்பை ஆபரேஷன். எடை இறங்க ஒரு வருஷம்கூட ஆகலாமாம். அதுவரைக்கும் நீ சிகரெட் பக்கம் தலைவைத்துப் படுக்காதே, உப்பைக் குறை, பைக்கை மெதுவாக ஓட்டு. நீ சுமந்துகொண்டு அலைவது என் கிட்னி.