ஐம்பது பேரை அனுப்பிய கல்லூரி

"உங்க காலேஜ்ல படிச்சு, புரொஃபஷனலா ஃபுட்பால் ஆடப் போனவங்க எத்தனை பேர், கோச்?"

ரொஸெட்டா இப்படிக் கேட்டதும் ராய்ஸ் அவள் தந்த கேக்கை அவசரமாக விழுங்கினான். உண்மை என்னவோ இரண்டே பேர். அதிலும் ஒருவன், பந்தைக் கையில் பிடித்து முட்டி மோதி ஓடுகிற இந்த அமெரிக்க ஃபுட்பாலில், எப்போதாவது பந்தை உதைக்க மட்டும் களத்துக்கு வந்து போகிறவன். ஆனால் மிசிசிப்பியில் வீடு வீடாகப் போய்க் கல்லூரி அணிக்குப் பையன்களைப் பிடிக்கிற எந்தக் கோச் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறான்? அதுவும் இன்றைக்கு! சோபாவை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இவள் மகன் ட்ரேவன் சம்மதிக்காவிட்டால், தலைமைக் கோச் ராய்ஸின் சீட்டைக் கிழித்துவிடுவார்.

"முப்பது பேர்மா," என்றான் அசராமல்.

அவள் முகம் சுருங்கிற்று. அடடா, போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான் ராய்ஸ். உடனே, ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு வேறு கல்லூரிக்குத் தாவியவர்களைச் சேர்த்துக்கொண்டான். கோடை முகாமுக்கு வந்து ஒரு வாரம் சாப்பிட்டுப் போனவர்களையும் விடவில்லை. நம் தண்ணீரைக் குடித்தவன் நம் பிள்ளைதானே! அவளிடம் சொன்ன கணக்கு ஐம்பதைத் தாண்டியது.

ரொஸெட்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அதில் எத்தனை பேர் ட்ரேவன் மாதிரி முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிறவர்கள் என்று கேட்டாள். பாதிக்குப் பாதி அவர்கள்தான் என்றான் ராய்ஸ். அவள் இன்னும் வாடிப்போனாள்.

ராய்ஸ் விடுகிற ஆளா?

"பழசை விடுங்கம்மா. இப்பவே இவன் சைஸ்ல ஏழு பேர் எங்ககிட்ட வரிசைகட்டி நிக்கறாங்க. அத்தனை பேரும் மலை மாதிரி."

உண்மையில் அந்த இடத்துக்கு ஒரே ஒருவன்தான் இருந்தான். அவனுக்கும் முழங்கால் போய்விட்டது.

அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அசந்துவிட்டார்கள் என்று ராய்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. பையைத் திறந்து கல்லூரித் தொப்பியை எடுத்து, பையன் கைக்கு எட்டுகிற மாதிரி மேஜையில் வைத்தான். பையன் அதைத் தொடவில்லை.

இதுவரை அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அப்பா கிளைவ், கையைத் துடைத்தபடி வந்தார். தொப்பியை எடுத்து, தூசு தட்டி, மரியாதையாக ராய்ஸிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நேத்து வந்த வேற காலேஜ் கோச், 'எங்ககிட்ட இதுவரைக்கும் ஒருத்தனும் தேறல, உங்க பையன் வந்தா முதல் நாளே களத்துல இறக்கிடறோம்'னாரு, உங்க கூட்டத்துக்கு வந்தா இவன் நாலு வருஷமும் பெஞ்சைத்தானே தேய்க்கணும், கோச்."