ஒன்றும் கடக்காத சுவர்

நெருப்பு, சக்கரம் போன்ற சில்லறைச் சாதனைகளுக்குப் பிறகு மனித குலம் செய்த ஒரே உருப்படியான காரியம், ரஷ்யாவின் சாஸ்னோவ்கா அணு ஆராய்ச்சி நிலையத்தில் கதிர்வீச்சை ஒரே பிற்பகலில் ஒழித்ததுதான். அதற்கு ஒரு செங்கல்கூடச் செலவாகவில்லை.

அந்தப் பெருமையில் ஃபாயினா லவோவ்னாவுக்கும் பங்குண்டு. பதினாறு ஆண்டுகளாக அவள் உத்தியோகம், கணினிக்குள் நியூட்ரான்களைப் பிறப்பிப்பது. ஒவ்வொன்றும் எங்கே முட்டும், எங்கே திரும்பும், எங்கே சாகும் என்று கணினி அடிக்கு அடி பகடை உருட்டிப் பார்க்கும். அணு உலையின் கான்கிரீட் சுவரைத் தாண்டி எத்தனை பிழைத்து வருகின்றன என்று எண்ணினால், அந்தப்பக்கம் இருப்பவரின் தலைவிதி தெரிந்துவிடும்.

அந்தப்பக்கம் இருந்தவர் கோட்டு அறையைக் காக்கும் கிளாவ்தியா யெகோரவ்னா. அந்த நிலையத்தில் கோட்டோடு மாடியேறுவது கொலைக்கு அடுத்த குற்றம். இயக்குநரே ஆனாலும் கழற்றிக் கொடுத்துவிட்டு, எண் போட்ட வில்லையை வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். கொக்கியில் மாட்டுகிற கழுத்து வளையம் கோட்டில் அறுந்திருந்தால் போச்சு. “உங்க வீட்டுல ஊசிநூலே கிடையாதா?” என்று கிழவி மானத்தை வாங்கிவிடுவார்.

இலையுதிர் காலத்தில் உலையின் திறன் கூட்டப்பட்டது. ஃபாயினா நூறு கோடி நியூட்ரான்களை அனுப்பினாள். கணினி ஒன்பது நாள் ஓடியது. கிளாவ்தியாவின் நாற்காலியில் கதிர்வீச்சு, அனுமதித்ததைப் போல நான்கு மடங்கு!

இயக்குநர் ரோதியோன் சவேலியெவிச் உடனே ‘உயர்மட்டக் குழு’வைக் கூட்டினார்.

“நூறு கோடியா? யாரு அனுப்பச் சொன்னது?”

“நிறைய அனுப்பினாத்தான் விடையை நம்ப முடியும், ரோதியோன் சவேலியெவிச்.”

“கும்பலா அனுப்பினா ஒண்ணு ரெண்டு தப்பிச்சு வரத்தான் செய்யும். ஒரு ஆயிரம் அனுப்புங்க, போதும்.”

“ஆயிரத்துல ஒண்ணுகூடத் தாண்டாதே!”

“பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க!”

“சுவரையாவது கனமாக்கலாமே?”

“ஏழு மாசம் உலையை நிறுத்தணும். டிசம்பர்ல அமைச்சர் வர்றார். அணைஞ்ச அடுப்பையா காட்டச் சொல்றீங்க?”

“அப்ப அந்தம்மாவை வேற அறைக்கு மாத்துங்க.”

“மாத்தினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா பதில் சொல்லணும்.”

இந்த ஆழ்ந்த சிந்தனைக்குக் குழு தலைவணங்கியது. ஆயிரம் நியூட்ரான்கள் புறப்பட்டன. ஒரே விநாடி. விடை பூஜ்யம்.

“புள்ளிக்கு அப்புறமும் பூஜ்யம்!” என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேன் கேக் வந்தது, கோன்யாக் பிராந்தி வந்தது, கடைசியில் ‘கதிர்வீச்சு பூஜ்யம்’ என்ற சான்றிதழும் வந்தது. ஆறு பேர் கையெழுத்திட்டார்கள். ஓய்வுக்கு இரண்டே ஆண்டு இருந்த ஃபாயினா ஏழாவதாகப் போட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டாள்.

சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, கிளாவ்தியாவின் தலைக்கு மேலேயே மாட்டினார்கள். அமைச்சர் அதைப் பார்த்து மகிழ்ந்தார். கிளாவ்தியா தினமும் அதன் தூசியைத் துடைத்தார்.

ஜனவரியில் ஒரு காலை, கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு படியை நோக்கி நழுவிய ஃபாயினாவைக் கிளாவ்தியா மடக்கினார்.

“நில்லு கண்ணு. என்மேல என்ன கோவம்?”

“கோவமா? எனக்கா? சேச்சே!”

“நானூறு பேர் கோட்டு குடுக்கறாங்க. ஏழு கொக்கி மட்டும் ஒண்ணரை மாசமா காலி. நீ, இயக்குநர், அப்புறம் அந்த அஞ்சு பேரு. இந்தப் பக்கமே யாரும் எட்டிப் பாக்கறதில்ல.”

“வேலை ஜாஸ்தி, கிளாவ்தியா யெகோரவ்னா. அதான்…”

கிழவி தூசித் துணியால் சான்றிதழின் அடியிலிருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“உங்க கணக்கெல்லாம் எனக்குப் புரியாது கண்ணு. ஆனா ஏழு வரைக்கும் எண்ணத் தெரியும்.”