தளபதி உடைத்த சுவர்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். வரப்போகும் பத்து நாளும் வீட்டில் யாரும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் அவரைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மனைவி. ஆகவே ‘யாரும்’ என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

காரணம் லேசுப்பட்டதல்ல. ‘விண்முனை’ என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. விண்வெளியில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கண்ணில் படுகிற வேற்றுக்கிரகத்தானையெல்லாம் சுட்டுத் தள்ள வேண்டும். ஆறு வருஷமாக மெக்கானிக் அதில் ஊறிக் கிடந்தார். இப்போது அதற்கு ஒரு பிரம்மாண்டமான விரிவாக்கம் வருகிறது. பெயர் ‘கருவளையம்’. ராப்பகலாக விளையாடுகிறவர்களின் கண்ணுக்குக் கீழே என்ன வருமோ, அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

ஒரு புதிய கிரகம், முப்பத்தாறு புதிய துப்பாக்கிகள், நாலு புதிய தொப்பிகள். புதிய கிரகம் என்று சொன்னார்களே தவிர, உற்றுப் பார்த்தால் பழைய கிரகத்துக்கு ஊதா வர்ணம் அடித்திருந்தார்கள். ஆனால் தலைக்கு மேலே குண்டு பறக்கும்போது யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

அந்த விளையாட்டில் அவர்தான் தளபதி. ஒரு பல் டாக்டரும் ஒரு பேக்கரிக்காரரும் அவருடைய படை. மூன்று பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஹெட்போனில் குரல் பழக்கம்தான். அலுவலக நாட்களில் மெக்கானிக் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் அப்பிக்கொண்டு நிற்பார். மேலே நிற்பவர்கள், “இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?” என்று அவர் உச்சந்தலையைப் பார்த்துக் கத்துவார்கள். அவரைத் ‘தளபதி’ என்று கூப்பிடுகிற இடம் உலகத்திலேயே அந்த விளையாட்டு ஒன்றுதான். அந்த இடத்தில் ஒரு கிரகம் கூடுகிறது என்றால் மனுஷன் சும்மா இருப்பாரா? பத்து நாள் லீவு போட்டார். லீவை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் மூன்று நாள் யோசித்தார்.

மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சி சொல்லுகிறவன் இருமினால் அந்த இருமலையும் எழுதிவிடுகிற கை. நீதிமன்றத்துக்கும் அப்போது விடுமுறை என்பதுதான் மெக்கானிக்கின் திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை.

“ஆபீஸ்ல ட்ரெயினிங் வச்சிருக்காங்க. பத்து நாள். வீட்டுல இருந்தே ஆன்லைன்ல கத்துக்கணும்.”

“எதுலங்க ட்ரெயினிங்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். “விரிவாக்கம்.”

“எதை விரிவாக்கறாங்க?”

“லிஃப்டை.”

“லிஃப்டை எப்படிங்க விரிவாக்க முடியும்? அது மேலயும் கீழயும்தானே போகும்?”

“அதான் இனிமே பக்கவாட்டுலயும் போகப் போகுதும்மா.”

சொல்லிவிட்டு அவரே அசந்துபோனார். இவ்வளவு மூளை தனக்கு இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

“நல்ல விஷயம்ங்க. லிஃப்டே விரியுது. நம்ம சமையல் ரூம்தான் எட்டு வருஷமா அப்படியே இருக்கு.”

“அது அப்புறம் பாக்கலாம்.”

‘அப்புறம்’ என்பது அந்த வீட்டில் எட்டு வருஷமாக ஓடுகிற சொல். சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். அடுப்படியில் குனிந்தால் முதுகு பாத்திர அலமாரியில் இடிக்கும். ஃப்ரிட்ஜ் உள்ளே நுழையாமல் கூடத்தில் நின்றது. அடுத்தாற்போல் ஒரு சின்ன அறை. நடுவில் ஒற்றைச் செங்கல் தடுப்புச் சுவர். அதை எடுத்துவிட்டால் போதும் என்று மனைவி சொல்லாத மாதம் இல்லை. ஆனால் அந்தச் சின்ன அறையில்தான் தளபதியின் கம்ப்யூட்டர் இருந்தது, சுழல் நாற்காலி இருந்தது, சுவரில் திருகி மாட்டிய அலமாரியில் ஆறு வருஷப் பொம்மைத் துப்பாக்கிகள் இருந்தன. எந்தத் தளபதி தன் கோட்டையைத் தாளிக்கிற இடமாக விட்டுக்கொடுப்பான்?

முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினார். ஹெட்போனை மாட்டினார். ஊதா கிரகத்தில் இறங்கினார்.

“சுடு! சுடு! விடாதே, சுடு!”

கதவு தட்டப்பட்டது. மனைவி டீயோடு நின்றாள்.

“சுடச்சுடத்தான் இருக்கு. இதுக்கு மேல சுட வைக்க முடியாதுங்க.”

மெக்கானிக் அவசரமாகத் திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

“ட்ரெயினிங்ல யாரைச் சுடறாங்க?”

“யாரையும் இல்லம்மா. மோட்டார் சூடாயிடுச்சு. சுடுது, சுடுதுன்னு சொன்னேன்.”

“பின்னாடி ரெண்டு பேர் வரான்னு சொன்னீங்களே?”

“லிஃப்டுக்குள்ள. ஓவர்லோடு.”

“பேக்கரிக்காரர் செத்துட்டாரா?”

“அது… உற்சாகம் செத்துப் போச்சுன்னு சொன்னேன். அவருக்குப் பாடம் புரியலை.”

“லிஃப்ட் ட்ரெயினிங்ல பேக்கரிக்காரர் எதுக்குங்க?”

“அவர் கடையில லிஃப்ட் வைக்கறாங்க. ரொட்டி மாடிக்குப் போகணுமில்ல?”

மனைவி தலையை ஆட்டினாள். “பாவம். மறுபடியும் உயிர் வந்தா நான் விசாரிச்சதா சொல்லுங்க.”

அவள் போனதும் மெக்கானிக் ஹெட்போனில் வெற்றிச் சிரிப்பு சிரித்தார். “நம்ம வீட்டுல ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டாங்க டாக்டர். லிஃப்ட் பக்கவாட்டுல போகும்னேன், நம்பிட்டா!” பல் டாக்டர், “தளபதின்னா தளபதிதான்” என்று புகழ்ந்தார்.

மத்தியானம் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, மனைவி தடுப்புச் சுவரை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது எழுத்து.

“லீவுல என்னம்மா எழுதறே?”

“கை பழக்கம் விட்டுப் போயிடக் கூடாதுல்ல? காதுல விழறதை எழுதிப் பாக்கறேன்.”

ஓய்வில்கூடத் தொழிலை விடாத மனைவியை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. உடனே கிரகத்துக்குத் திரும்பிவிட்டார்.

நாலாவது நாள் படை ஒரு கறுப்புச் சுவரின் முன்னால் போய் நின்றது. சுவருக்குப் பின்னால் மூன்று கண் ராட்சச நண்டு இருக்கிறது. நண்டைக் கொன்றால்தான் புதிய தொப்பி. சுவரைக் கால் மணி நேரத்துக்குள் உடைக்க வேண்டும். உடைக்காவிட்டால் கிரகத்தின் வாசலுக்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள், முதலிலிருந்து நடந்து வர வேண்டும். எட்டு தடவை நடந்தார்கள். பல் டாக்டருக்கு நிஜமாகவே கால் வலித்தது.

மெக்கானிக் வியூகம் வகுத்தார். சுவர் அதிர அதிர அறிவித்தார்.

“கேளுங்க! நாளைக்குச் சரியா நாலு மணி. சுவரை உடைக்கறோம். நாலேகால் வரைக்கும் என் வாயில இருந்து ஒரே வார்த்தைதான் வரும். உடை! யார் என்ன கேட்டாலும் உடை!”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

“இன்னிக்கு நாலு மணிக்கு உங்களுக்கு முக்கியமான நேரமாங்க?”

“ஆமாம்மா. பரீட்சை. வீடே இடிஞ்சு விழுந்தாலும் என்னைக் கூப்பிடாதே.”

“சரிங்க.”

எவ்வளவு இனிப்பான ‘சரிங்க’! பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு இனிப்பாக அவள் சொன்னதில்லை. வேறொருவனாக இருந்தால் அப்போதே எழுந்து போய் எல்லாச் சுவர்களையும் தொட்டுப் பார்த்திருப்பான். தளபதி இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்.

மணி நாலு. மூன்று துப்பாக்கிகளும் கறுப்புச் சுவரின் நட்டநடுவில் முழங்கின. ஹெட்போனில் இடி. அவருடைய முதுகுக்குப் பின்னால் கதவு ஒரு சாண் திறந்தது அவருக்குத் தெரியவில்லை. மனைவி வாசற்படியில் நின்று, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்.

“என்னங்க, மேஸ்திரி வந்திருக்கார். நடுச்சுவரை உடைக்கலாமான்னு கேக்கறார்.”

“உடை!” என்று தளபதி தன் படைக்குக் கட்டளையிட்டார்.

“பாதியாவா, முழுசாவா?”

“முழுசா உடை! எதையும் மிச்சம் வைக்காதே!”

“உங்க அலமாரி அதுல மாட்டியிருக்குதேங்க?”

“எது போனாலும் போகட்டும்! இன்னும் என்ன யோசனை? அடி!”

“சரிங்க” என்று அவள் கதவைச் சாத்தினாள்.

இரண்டு நிமிஷத்தில் சுழல் நாற்காலி குலுங்கியது. மெக்கானிக்குக்குப் புல்லரித்தது.

“டாக்டர்! கருவளையத்துல சவுண்டு பிரமாதம்! நாற்காலியே அதிருது!”

“எனக்கு ஒண்ணும் அதிரலையே தளபதி?”

“உங்க ஹெட்போன் மட்டம். நல்லதா வாங்குங்க… ஐயோ, பாருங்க, தூசி வாசனைகூட வருது! என்னமா செஞ்சிருக்கான்!”

பேக்கரிக்காரர் பொறாமையில் பெருமூச்சு விட்டார். தளபதியின் தலையில் காரை உதிர்ந்தது. அதையும் அவர் விரிவாக்கத்தின் கணக்கிலேயே சேர்த்தார். தோளில் பொத்தென்று ஒரு பொம்மைத் துப்பாக்கி விழுந்தபோதுதான், விளையாட்டு இவ்வளவு தூரம் முன்னேறியிருக்காதே என்று சின்னதாகச் சந்தேகம் வந்தது. திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை. அது இருந்த இடத்தில் அடுப்பு தெரிந்தது. புழுதிக்கு நடுவே சம்மட்டியோடு ஒரு மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

“வணக்கம் சார். லேசான சுவர்தான். நீங்க சொன்ன மாதிரி மிச்சம் வைக்கலை.”

மெக்கானிக் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தார். “யாருய்யா உடைக்கச் சொன்னது?”

“நீங்கதான்” என்றாள் மனைவி, அடுப்புப் பக்கத்திலிருந்து. நோட்டைத் திருப்பி, கோர்ட்டுக் குரலில் வாசித்தாள். “மாலை நாலு மணி ஒரு நிமிடம். கேள்வி: நடுச்சுவரை உடைக்கலாமா? பதில்: உடை. கேள்வி: பாதியா, முழுவதுமா? பதில்: முழுசா உடை, எதையும் மிச்சம் வைக்காதே. கேள்வி: அலமாரி? பதில்: எது போனாலும் போகட்டும்.”

“அது நான் கேம்ல சொன்னதுடி!”

“எந்தக் கேம்?”

மெக்கானிக் அவசரமாகத் திரையின் முன்னால் போய் நின்றார்.

“ட்ரெயினிங்னுதானே சொன்னீங்க?”

“ட்ரெயினிங்… ட்ரெயினிங்தான்.”

“அப்போ கேம் இல்லை. அங்க உடைக்கறதுக்குச் சுவரும் இல்லை. நீங்க உடைக்கச் சொன்னது இந்தச் சுவரைத்தான்.”

கேம் என்றால் பத்து நாள் பொய் வெளியே வரும். ட்ரெயினிங் என்றால் சுவர் போனது போனதுதான். இரண்டு பக்கமும் பார்த்தார். பக்கவாட்டில் போகிற லிஃப்ட் ஒன்று அப்போது இருந்திருந்தால் ஏறித் தப்பித்திருப்பார்.

“முதல் நாள்லேர்ந்து எழுதி வச்சிருக்கேன். அதையும் படிக்கட்டுமா? காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம்: ‘நம்ம வீட்டுல ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டாங்க டாக்டர்…’”

“போதும்மா.”

“‘…நம்பிட்டா’ன்னு முடியுது. அழகா இருக்கு. நல்லா நிறுத்தி நிதானமா சொன்னீங்க, எழுத வசதியா இருந்துச்சு.”

மெக்கானிக் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். அங்கே உட்கார்ந்து பார்த்தபோது அடுப்படி முழுசாகத் தெரிந்தது. இரண்டடி சந்து. எட்டு வருஷமாக இந்தச் சந்துக்குள் ஒருக்களித்து நின்றா இவள் சமைத்தாள்? உடைத்தது நியாயம்தான் என்று அவருக்கே பட்டது. அதை வாய்விட்டுச் சொன்னால் அதையும் எழுதிவிடுவாள் என்பதால் சொல்லவில்லை.

அப்போது மேஜைமேல் கிடந்த ஹெட்போன் அலறியது. “தளபதி! எங்க போனீங்க? இங்க சுவர் அசையவே மாட்டேங்குது! அஞ்சே நிமிஷம்தான் இருக்கு!”

மேஸ்திரி இடிபாட்டைத் தாண்டி வந்து திரையை எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

“இது யார் கட்டின சுவர் சார்?”

“வேற்றுக்கிரகத்தான்.”

“அதான் பூச்சு சரியில்லை. இதைப் போய் நடுவுல அடிக்கறீங்களே! கீழ் மூலையில பாருங்க, ஒட்டுப் போட்டது பளிச்சுன்னு தெரியுது. கொஞ்சம் எந்திரிங்க.”

தளபதி தன்னையறியாமல் எழுந்துவிட்டார். மேஸ்திரி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார். “ஐயா, இடது கைப் பக்கம் நிக்கறவர் கீழ் மூலையில போடுங்க. வலது கைக்காரர் அதுக்கு நேர் எதிர் மூலை. நான் சொன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா. ஆங், போடுங்க!”

எட்டு தடவை அசையாத கறுப்புச் சுவர், மேல்பக்கம் ஒருமுறை தள்ளாடி, மொத்தமாகச் சரிந்தது. ஹெட்போனையும் மீறிக்கொண்டு இரண்டு பேரின் ஆனந்தக் கூச்சல் அறையெங்கும் கேட்டது.

“யாருங்க அது? அடேயப்பா! தொழில் தெரிஞ்ச குரலா இருக்கே!” என்றார் பல் டாக்டர். “நண்டுக்கும் இவரே இருக்கட்டும்!”

மெக்கானிக் பதறினார். “மேஸ்திரி, போதும், எந்திரிங்க. நண்டு என் வேலை.”

மேஸ்திரிக்குக் காதில் விழவில்லை. அவர் நண்டின் மூன்றாவது கண்ணைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் மேஸ்திரியின் தோளைத் தொடப் போனார். மெக்கானிக்கின் தோளை மனைவி தொட்டாள். மறு கையில் காலிச் சிமெண்ட் சட்டி.

“அவர் வேலையா இருக்கார், குறுக்க நிக்காதீங்க. இந்தக் கல்லையெல்லாம் அள்ளிக் கொண்டுபோய் வாசல்ல கொட்டுங்க.”