சரஸ்வதி பூசையில் உப்பிய லேப்டாப்

என் ஐம்பத்து நாலு வருட வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் ஒரு விமானத்துக்கு ஆபத்தானவனாக இருந்திருக்கிறேன். அதுவும் விடிகாலையில் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருந்த நாளில். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கெட்ட எண்ணம் உள்ளவன்கூட அவ்வளவு சிரத்தையாகத் தயார் செய்திருக்க மாட்டான்.

ஈப்போ புந்தோங்கில் என் வீடு. வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் சமையல் கேஸ் தோங் (சிலிண்டர்தான்) கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. படிப்பு மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, சரி. (அதில் கடைசி வருடம் வகுப்பில் இருந்ததைவிடப் பந்துத் திடலில் இருந்ததுதான் அதிகம்.) அதனாலேயே படிப்பு என்றால் எனக்குப் பயம் கலந்த பக்தி. சரஸ்வதி பூசை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எழுத்து உள்ள எதுவும் என்னிடமிருந்து தப்பாது. பிள்ளைகளின் புத்தகம், பேனா, என் லாரி லைசென்ஸ், என் மனைவி சரோஜாவின் சமையல் குறிப்பு நோட்டு எல்லாம் சாமி மேடைக்குப் போய்விடும். வைத்ததை மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அன்றைக்குச் செய்தித்தாள்கூடப் பிரிக்க விடமாட்டேன்.

அந்த வருடம் என் மகள் தேவிகா ஜொகூர் பாருவில் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். கட்டட வடிவமைப்புப் படிப்பு. விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கட்டிலில் கிடந்த லேப்டாப்பை எடுத்து மேடையில் வைத்துவிட்டேன். அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அதன் மூடியில் மூன்று பட்டை திருநீறு ஏறியிருந்தது.

“அப்பா, ஆறு மணிக்கு எனக்கு பஸ்சு. நாளைக்கு மூணு மணிக்கு பிரசெண்டேஷன். என் கட்டட மாடல் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு.”

“பூசைல வெச்சாச்சும்மா. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். நடுவுல எடுத்தா படிப்பு தடைப்படும்.”

“எடுக்கலன்னாதாம்பா தடைப்படும்.”

அந்தப் பிரசெண்டேஷன் போனால் ஒரு தவணை முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டுமாம். அவளும் தங்க முடியாது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் குழுவோடு ஒத்திகை. சரோஜா பிள்ளை பக்கம் சேர்ந்துகொண்டாள். “சாமி கேட்டுச்சா அந்த லேப்டாப்ப? நீங்களாதான தூக்கிக் குடுத்தீங்க,” என்றாள். நான் அசையவில்லை. கடைசியில் ஒரு பெரிய மனிதனைப் போலத் தீர்ப்பு சொன்னேன்: “நீ பஸ்சுல போ. நாளைக்குக் காலைல பூச முடிச்சு, நானே ஃப்ளைட்ல கொண்டாரேன். ஒரு மணிக்கெல்லாம் உன் கையில இருக்கும்.” அவள் கண் சிவந்துபோய்த்தான் பஸ் ஏறினாள்.

பிள்ளையை அழவிட்ட குற்ற உணர்ச்சியில் அந்த லேப்டாப்புக்கு நான் செய்த உபசாரம் கொஞ்ச நஞ்சமில்லை. உயிர் இருக்கிற இடத்தில்தான் சந்தனம் வைக்க வேண்டும் என்று, விளிம்பில் இருந்த, அதை முடுக்கிவிடும் பொத்தானைத் தேடிப் பிடித்து அதன்மேல் ஐம்பது காசு நாணய அகலத்துக்குச் சந்தனம் அப்பினேன். அதற்குமேல் குங்குமம். விளக்கு அணையாமல் எரிகிறபோது இது மட்டும் அணைந்து கிடப்பதா என்று சார்ஜரைச் சொருகிவிட்டேன். சூடு வீணாகாத மாதிரி பட்டுத் துணியைப் போர்த்தினேன். (ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை.) அதன்மேல் அரிசி நிறைத்த பித்தளைச் செம்பு. பக்கத்திலேயே குத்துவிளக்கு.

காலையில் பார்த்தால் செம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. துணியை விலக்கினேன். லேப்டாப்பின் மூடி அரை விரல் உயரம் எழும்பியிருந்தது.

“சரோஜா, இங்க வா. பாரு, சாமி ஏத்துக்கிச்சு.”

அவள் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். “சாமி ஏத்துக்கிட்டா மூடி ஏன் கோணிக்கிட்டு நிக்குது?”

பெண்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டு, நான்கு தடித்த ரப்பர் வளையங்களைப் போட்டு மூடியை இறுக்கினேன். மஞ்சள் துணியில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலையத்துக்குக் காரோட்டியது சரோஜாவின் தம்பி மணியம். ஏர்கோன் பழுது பார்ப்பவர். உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கருத்துச் சொல்பவர்.

“மச்சான், உள்ள போனா லேப்டாப்ப வெளிய எடு, ஃபோன வெளிய எடு, பெல்ட்டக் கழட்டும்பாங்க. எல்லாம் வாயாங் லா. சும்மா நாடகம். குண்டு வெக்கிறவன் ஒழுங்கா வரிசைல நின்னு எடுத்துக் காட்டுவானா?”

“அதான. நம்ம மூஞ்சியப் பாத்தா தெரியாதா.”

“உங்க மூஞ்சியப் பாத்தா நீங்க கோயிலுக்குப் போறீங்கன்னுதான் தெரியும்.”

அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சாமி காப்பாற்றுகிறவனை மெஷின் என்ன புதிதாகக் காப்பாற்றப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். மணியம் மச்சான் வெளியே காப்பி குடித்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

பரிசோதனை இடத்தில் தலையில் தூடோங் முக்காடு கட்டிய ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தார். என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். நாங்கள் பேசியது மலாயில்: அவருக்கு நான் ‘பாக்சிக்’ (மாமா), எனக்கு அவர் ‘புவான்’ (அம்மா).

“பாக்சிக், அந்த மூட்டையில் என்ன?”

“லேப்டாப்.”

“அவிழ்த்துத் தட்டில் வையுங்கள்.”

முடிச்சை அவிழ்த்ததும் பூக்கள் உதிர்ந்தன. பிறகு ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு அடுத்தவருடைய தட்டுக்குப் போனது. பிறகு திருநீறு புகையாகப் பறந்தது. எனக்குப் பின்னால் நின்ற சீனப் பெரியவர் ஓரடி தள்ளிப் போனார்.

“இது என்ன தூள்?”

“சாம்பல்.”

“எதன் சாம்பல்?”

உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாத நாள். “மாட்டுச் சாணம்,” என்றேன்.

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “லேப்டாப்பில் ஏன் மாட்டுச் சாணச் சாம்பல்?”

“மகளுக்குப் பரீட்சை.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்னத் துணித்துண்டால் துடைத்து எதிலோ வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. பார்த்தீர்களா என்பதுபோல் நான் பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். “சரி, முடுக்கிக் காட்டுங்கள்,” என்றார்.

இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். சந்தனம் பெயர்ந்தது. பொத்தான் உள்ளே அமுங்கிப்போனது, வெளியே வரவில்லை. நான் ஊதினேன். அது பயன்படாமல் போகவே, கண்ணை மூடி மனதுக்குள் சரஸ்வதியைக் கூப்பிட்டேன். புவான் அதற்குள் குனிந்து லேப்டாப்பைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் வளையங்களை மெதுவாகக் கழற்றினார். மூடி தானாக எழும்பியது. மேசைமேல் வைத்து ஒரு விரலால் தொட்டார். அது தொட்டில் மாதிரி ஆடியது.

“எல்லாரும் பின்னால் போங்கள்,” என்றார், குரலை உயர்த்தாமல்.

எல்லாரும் போனார்கள். நான் மட்டும் போகவில்லை, அது என்னுடையது என்பதால்.

“பாக்சிக், உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இதை விமானத்தில் ஏற்ற முடியாது.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “புவான், நான் இருபது வருஷமாகக் கேஸ் தோங் ஏற்றுகிறவன். தீப்பிடிக்கிற சாமான் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?”

அவர் ரப்பர் வளையங்களைத் தட்டில் வைத்தார். “உப்பின தோங்கை லாரியில் ஏற்றுவீர்களா, பாக்சிக்?”

இருபது வருடத்தில் ஒன்றைக்கூட ஏற்றியதில்லை. லேசாக நசுங்கியிருந்தாலே திருப்பி அனுப்புகிறவன் நான். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

“அப்பா, உள்ள போயாச்சா?”

“சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேம்மா.”

“ஏர்போட்லயா?”

பிறகு சொல்லிவிட்டேன். சந்தனம், சார்ஜர், பட்டுத்துணி எல்லாவற்றையும். மறுமுனையில் அவள் யாரிடமோ மணி கேட்டாள். அந்தக் கேள்வியில் ஒரு தவணைப் படிப்பு அப்படியே போவது எனக்குக் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “அப்பா, அதத் தொறந்தா உள்ள சுவிங்கம் அளவுக்குச் சின்னப் பலகை ஒன்னு இருக்கும். என் வேலை எல்லாம் அதுலதான். அத மட்டும் கொண்டாந்தா என் கூட்டாளி மெஷின்ல போட்டுக்குவேன். யாராச்சும் தொறந்து குடுப்பாங்களா?”

மணியம் மச்சான் இன்னும் காப்பி குடித்து முடிக்கவில்லை. கூப்பிட்டதும் கருவிப் பெட்டியோடு ஓடிவந்தார். கட்டடத்துக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் வைத்துத்தான் திறக்க வேண்டும், பேட்டரியைக் குத்தக்கூடாது, வளைக்கக்கூடாது என்று புவான் சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல், ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தீயணைக்கும் சிவப்பு உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறடி தள்ளி நின்றார்.

மச்சான் திருகாணிகளைக் கழற்றினார். வீடியோவில் தேவிகா, “மெதுவா மாமா, மெதுவா,” என்றாள். அடிமூடியைத் தூக்கியதும் உள்ளே வெள்ளிக் கலரில், காற்றடைத்த தலையணை மாதிரி மூன்று மேடுகள். மச்சான் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“மச்சான், அந்தம்மா ஏன் செவப்பு சிலிண்டர வெச்சிக்கிட்டு நிக்கிறாங்க?”

“வாயாங் லா,” என்றேன்.

அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. (நாங்கள் உறவு கொண்டாடிய இத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை.) பேட்டரியைக் கழற்றி மணல் வாளியில் இறக்கினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பிறகு அந்தச் சின்னப் பலகையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் கை, பழக்கதோஷத்தில், திருநீற்றுப் பொட்டலத்துக்குப் போனது. மச்சான் பளீரென்று ஒரு அடி போட்டார். மைத்துனன் கையால் நான் வாங்கிய ஒரே அடி, நியாயமானது.

திரும்பவும் வரிசை. புவான் ஒரு பெரிய தட்டை எடுத்து நீட்டினார். அதன் நடுவில் அந்த விரல் நீளப் பலகை மட்டும் தனியாக, தேரில் ஏறிய சாமி மாதிரி ஆடாமல் அசையாமல் உள்ளே போய் வந்தது. “மகளுக்கு நல்லபடியாக நடக்கட்டும், பாக்சிக்,” என்றார். விமானத்தில் கடைசியாக ஏறியவன் நான்தான்.

என் முன் இருக்கையில் ஒரு கைக்குழந்தை தோள்மேல் தலையைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்து எச்சில் வடித்தது. விமானம் மேகத்துக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. புவான் விட்டிருந்தால், அந்த மஞ்சள் மூட்டை இந்நேரம் அந்தக் குழந்தையின் தலைக்குமேல் இருக்கிற பெட்டியில் இருந்திருக்கும். மறுபூசையில் நான் வேண்டிக்கொண்டது, ‘அம்மா, போகிற வழியில் ஒரு ஆபத்தும் வரக்கூடாது’ என்றுதான். அந்த வேண்டுதல் பலித்துக்கொண்டிருந்தபோது அதை எதிர்த்து வாதாடியவனும் நான்தான்.

ஜொகூர் பாருவில் தேவிகா வாசலிலேயே நின்றாள். பலகையை வாங்கிக்கொண்டு, “சாப்பிட்டீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடினாள். மூன்று மணியிலிருந்து அந்தப் பல்கலைக்கழக உணவுக்கடையில் ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஆறிப்போய் ஆடை கட்டிய பிறகு அவள் வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. தேறிவிட்டாள்.

“சொந்த லேப்டாப் எங்கன்னு கேட்டாங்கப்பா.”

“என்னம்மா சொன்ன?”

“எங்கப்பா சாமிக்குப் படைச்சிட்டார்னு சொன்னேன். அதுக்கு மேல ஒன்னும் கேக்கல.”

மணியம் மச்சான் ஒரு மாதத்தில் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார். அந்த மெஷினெல்லாம் கெட்டவனை ஒருநாளும் பிடிக்காது என்று இப்போதும் சாதிக்கிறார். இருக்கலாம். கெட்டவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் என்னைப் போன்ற நல்லவர்களிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற அந்த வரிசை அவசியம் வேண்டும். யாராவது அங்கே நின்று முணுமுணுத்தால், முதல் ஆளாக என் ஃபோனை எடுத்துத் தட்டில் வைக்கிறேன்.

அந்தப் புவானுக்கு நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. பெயர் அட்டை தூடோங்குக்குள் மறைந்திருந்ததால் பெயரும் தெரியாது. அதனால் வெள்ளிக்கிழமை கோயிலில் குடும்பத்துக்கு அர்ச்சனை செய்தபோது, எங்கள் பெயர்களைச் சொல்லிவிட்டு, “அப்புறம் ஏர்போர்ட் புவான்,” என்றேன். அர்ச்சகர் தட்டை இறக்கி, “நட்சத்திரம்?” என்றார். சரோஜா தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இப்போது அவர் நட்சத்திரம் கேட்பதில்லை. எங்கள் பெயர்களை முடித்ததும் அவராகவே, அதே ராகத்தில், ஏர்போர்ட் புவானையும் சேர்த்துக்கொள்கிறார். தேவிகா ஊருக்கு வந்திருந்தால் சரியாக அந்த இடத்தில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்துவிடுவாள். தோள் இரண்டும் குலுங்கும். இந்தக் காலத்தில் இப்படி உருகிக் கும்பிடுகிற பிள்ளையா என்று பக்கத்தில் நிற்பவர்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன்.