சாம்பிள் பனியனை வெட்டிய மாப்பிள்ளை

அவிநாசி,
14.6.1987

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி கொமரலிங்கம் ஆத்தப்பன் அவர்களுக்கு, வெள்ளியங்கிரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் சம்சாரம், மகள் மயிலாள், ஐந்து மாதப் பேத்தி எல்லோரும் சுகம். உங்கள் மகன் எப்படி இருக்கிறார் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்தால்தானே முகத்தைப் பார்க்க?

மயிலாளையும் குழந்தையையும் கோயமுத்தூருக்கு அழைத்துப் போக லீவு போட்டு வந்தவர், கையில் மைக்ராஸ்கோப்போடு பஸ்ஸை விட்டு இறங்கினார். குழந்தைக்குத்தான் ஏதோ பெரிய பொம்மை என்று நாங்கள் வாயெல்லாம் பல்லாக நின்றோம். பிசிக்ஸ் வாத்தியார் என்றால் வானத்தைப் பார்ப்பார் என்று நம்பித்தான் பெண் கொடுத்தேன், இவரோ தயிரைப் பார்க்கிறார், தொட்டித் தண்ணீரைப் பார்க்கிறார், என் மீசையில் ஒரு முடியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். வெளிச்சத்தைச் சாய்த்து விட்டால் இதுவரை தெரியாததெல்லாம் தெரியுமாம், அதுதான் ஆராய்ச்சியாம். அதில் என் தையல் மிஷின் விளக்கு இரண்டு போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. ஜெர்மனிக்காரன் சீல் வைத்து அனுப்பிய சாம்பிள் பனியன், அந்த ஒன்றைப் பார்த்துத்தான் கம்பெனியில் ஆர்டர் முழுவதும் தைக்க வேண்டும், அதன் நடு நெஞ்சில் விரல்நகம் அளவுக்கு நேற்று வெட்டி எடுத்துவிட்டார்! ஐயோ என்று ஓடினால், "மாமா, வந்து பாருங்க, ஒரு நூலோட வளையத்துக்குள்ள இன்னொரு நூலு பூந்து வருதுங்க!" என்கிறார். "மாப்பிள்ளே, இருபது வருசமா நான் அதைத்தானுங்க பண்ணிட்டு இருக்கறேன்" என்றேன். காதில் விழவேயில்லை.

பனியன் போனால் போகிறது, கை காலில் விழுந்து இன்னொன்று வாங்கிவிடுவேன். மயிலாள் சொன்னதைத்தான் சரிக்கட்ட முடியவில்லை. "அப்பா, பேசுனா நிமிந்து பாக்காத மனுசனோட நான் போகலீங்க. புள்ளை மொதமொதல்ல குப்புற விழுந்ததைக்கூட அவரு பாக்கலீங்க" என்று அழுகிறாள். வரும் இருபத்து நாலாம் தேதி அனுப்பி வைப்பதாக நாள் பார்த்திருக்கிறோம். பெற்ற மனசு கேட்கவில்லை, சம்பந்தி. நீங்கள் நாலு நாள் முன்பே வந்து, அந்தக் கருவியைக் கொண்டுபோய் உங்கள் ஊட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். உங்கள் சொல்லைத்தான் அவர் கேட்பார்.

அவிநாசியப்பர் புண்ணியத்தில் உங்கள் வயலும் மாடுகன்றும் செழிக்கட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிப் போனேன். உங்கள் மகன் நிமிர்ந்து உட்கார்ந்து மயிலாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது அவள் அந்தக் கருவியில் குனிந்துவிட்டாள்! குழந்தையின் தலையிலிருந்து உதிர்ந்த ஒரு முடியாம். "ஏங்கண்ணு, சோறு?" என்றேன். "இருங்கப்பா, எம் புள்ளை முடிங்க!" என்கிறாள். இனி கருவி இல்லாமல் கோயமுத்தூருக்குப் போகவே மாட்டாளாம். குழந்தை என் மடியில் வேட்டியை நனைத்துவிட்டு அழுகிறது. ஆகவே இருபதாம் தேதி வரை காத்திருக்காமல், கடிதம் கண்டதும் கிளம்பி வரவும். குழந்தையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அடுத்தது நான் பார்க்க வேண்டும்.