மஞ்சள் பொட்டு வைத்த மூன்று பார்சல்கள்

கராச்சர்மா,
ஸ்ரீ விஜயபுரம்.
(நீ போர்ட் பிளேர் என்றே எழுது. தபால்காரருக்கு இரண்டும் பழக்கம்தான்.)

அன்பும் மதிப்பும் நிறைந்த நாகரத்தினம் அக்காவுக்கு, தம்பி ஆறுமுகம் பணிந்து எழுதுவது. இங்கே நான், ஷோபா, கொல்லைப் பலாமரம் மூவரும் நலம். அங்கே பெரம்பூரில் நீயும் அத்தானும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். உன் முழங்காலை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை, அதைப் பற்றிப் பதிலில் உண்மையை எழுதவும். போனில் கேட்டால் ஆகாதா என்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அத்தான் நடுவில் புகுந்து கிரிக்கெட் பேசுகிறார், நான் கேட்க வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் வீடு. அப்பா கட்டிய இந்த வீட்டை விற்று, உன் பங்கை வைத்து நீ அந்த லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து அதே கட்டடத்தின் தரைத்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும், நாங்கள் சிப்பிகாட்டில் ஷோபாவுக்குத் தாய்வீட்டு வழியில் வந்த சின்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நாம் பேசி முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தரைத்தளத்துக்காரர் பொங்கல் வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டதாக நீயே சொன்னாய். இங்கே வாங்க ஆள் இல்லாமலும் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஷீலா ஞாயிறுதோறும் டியூட்டி முடிந்து வருகிறாள், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறாள், ஏதோ ஏற்கெனவே தன்னுடையது போல் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், போகும்போது "அங்கிள், இந்த வருஷமாவது குடுப்பீங்களா, இல்ல நான் வேற வீடு பாக்கட்டுமா?" என்று கேட்கிறாள். விற்க நான் தயார், வாங்க அவள் தயார். நடுவில் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய ஒரு நம்பகமான ஆள் வேண்டும், அந்த இடத்தில்தான் வண்டி நிற்கிறது. நீயும் சும்மா இருக்கவில்லை. வாசல் பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று என்னிடம், இன்னொன்று நீ கல்யாணமாகிக் கப்பல் ஏறியபோது முந்தானையில் முடிந்துகொண்டு போனது. "நம்பிக்கையான ஆளா நீ பாரு. எனக்கும் மனசுக்குப் பட்டா என் சாவியக் குடுத்தனுப்புறேன், அதுக்கப்புறம் வித்துக்கோ" என்று நீ சொல்லிவிட்டதால் என் பொறுப்பு இரண்டு மடங்காகிவிட்டது.

நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். அபர்டீன் பஜாரில் நல்ல புரோக்கர் யார் என்று ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். கடைக்காரர், அவருடைய மச்சான், பெயிண்ட் வாங்க வந்தவர், வெளியே நின்ற ஆட்டோக்காரர் எல்லோருமே தாங்கள்தான் என்றார்கள். சரி, மற்றவர் வாயால் கேட்போம் என்று டீக்கடையில் விசாரித்தேன். "விஜயராஜ்னு ஒருத்தர் இருக்காரு. பக்கா ஆத்மி, நம்பகமான மனுஷன் அண்ணா. கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்" என்றார் டீக்கடைக்காரர். கண்ணைத் திறந்துகொண்டு கொடுக்கத்தான் நான் அலைகிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும். அந்தப் புரோக்கர் விஜயராஜைப் பற்றி வக்கீல் ஹரிஹரனிடம் கேட்டேன், தங்கமான பையன் என்றார். ஹரிஹரனைப் பற்றி, வீட்டை அளந்து மதிப்புச் சொல்லும் இன்ஜினியர் செந்தமிழனிடம் கேட்டேன், வக்கீல் என்றால் அவர்தான் என்றார். செந்தமிழனைப் பற்றி விஜயராஜிடம் கேட்டேன், அவர் டேப் பிடித்தால் ஒரு இஞ்ச் தப்பாது என்றார். மனசு நிம்மதியாகி வீட்டுக்கு வந்து ஷோபாவிடம் சொன்னேன். "மூணு பேரும் காலைல ஒண்ணா பேட்மின்டன் ஆடுறவங்கதானே, பின்ன எப்படிச் சொல்லுவாங்க" என்றாள் அவள். இது ஊருக்கே தெரிந்திருக்கிறது, ஆராய்ச்சி செய்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. மூவருமே, பொறுப்பைத் தன் ஒருவனிடம் ஒப்படைத்தால் மற்ற இருவரையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். ஆக, மூவரில் ஒருவரை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முப்பது வருஷம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பெர்த் கிடைப்பதற்காக மனிதர்கள் சொல்லும் பொய் எனக்கு அத்துப்படி. ஒரே சித்தப்பாவை நாலு தடவை ஐ.சி.யு.வில் சேர்த்தவனைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உண்மை சொல்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பயிற்சியை டிபார்ட்மென்ட் எனக்குக் கொடுக்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு நாள் ஏர்போர்ட் வாசலில் ஒரு காட்சியைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. ஒரு அம்மாள் முன்பின் தெரியாத பையனைப் பிடித்து, "தம்பி, மெயின்லேண்டுதானே, இத மட்டும் என் மக கிட்ட குடுத்துருப்பா" என்று பார்சலைத் திணித்துக்கொண்டிருந்தாள். நம் தீவில் இது தினமும் நடப்பது. ஒருவன் எப்படிப்பட்டவன் என்று இதைவிட வேறு எப்படித் தெரியும் அக்கா? ஆகவே மூவருக்கும் ஒரு பரீட்சை வைத்தேன். மெயின்லேண்டு போகும்போது ஒவ்வொருவரிடமும் உனக்கு ஒரு பார்சல். மூன்றிலும் சிப்பிகாட் கிராம்பு, கொஞ்சம் கருவாடு, தேங்காய் பர்ஃபி, எல்லாம் ஒரே அளவு. டேப்புக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு மஞ்சள் பொட்டு, உனக்கு மட்டும் போனில் சொன்னது. பிரித்து ஒட்டினால் பொட்டு கலைந்துவிடும். ஷோபா இதைப் பார்த்துவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினாள்.

முதலில் போனவர் வக்கீல் ஹரிஹரன். பார்சலை வாங்கும்போதே "நம்பிக்கைதான் சார் எங்க தொழிலுக்கு மூலதனம்" என்று ஐந்து நிமிஷம் பேசினார், கருவாட்டு வாசனையையும் பொருட்படுத்தாமல் பேசினார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்தது உனக்குத் தெரியும். ஓட்டலிலிருந்தே ஒரு டெலிவரிப் பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார், அவன் மாடி ஏற மாட்டேன் என்று கீழேயே நின்று போன் அடித்திருக்கிறான், நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போய் வாங்கி, மறுபடி ஏறியிருக்கிறாய். அதை அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் காலுக்காக வீடு விற்கக் கிளம்பியவன், உன் காலையே ஏற்றி இறக்கிவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பொட்டு கலையவில்லை என்று நீ சொன்னாய். ஆனாலும் பார்சல் கலையாமல் அக்கா கலைந்தால் என்ன பிரயோஜனம்?

அடுத்தது இன்ஜினியர் செந்தமிழன். அவர் கப்பலில் போனவர். உன் வீட்டுக்கு நேரில் வந்தார், மாடியும் ஏறினார், ஆனால் பார்சலில் பர்ஃபி மட்டும் இல்லை. திரும்பி வந்ததும் என்னிடம் அவரே சொன்னார்: "சார், ரெண்டாம் நாள் கப்பல் தலைகீழா ஆடிச்சு. கேண்டீன் சாப்பாடு உள்ள போகல. உங்க பார்சல்ல இனிப்பு வாசனை வந்துச்சு, பிரிச்சுத் தின்னுட்டேன். நல்லா இருந்துச்சு, மேடம்கிட்ட சொல்லுங்க." அக்கா, இரண்டு மாசமாக இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தின்றது தப்பு. ஆனால் நான் கேட்காமலேயே வந்து சொன்னாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? வீட்டில் ஒரு அறையைக் குறைத்து எழுதிவிட்டு, பிறகு அவரே வந்து "சார், ஒரு ரூம விட்டுட்டேன்" என்று சொன்னால் அவரை நல்லவர் என்பதா? பசித்தால் பிரிப்பவர், பிரித்தால் சொல்பவர். இந்த மாதிரி ஆளுக்கு என்ன பெயர் என்று அத்தானிடம் கேட்டு எழுதவும்.

மூன்றாவது புரோக்கர் விஜயராஜ். தன் சித்தி மகள் கல்யாணத்துக்குச் சென்னை வந்தவர், கல்யாண மண்டபத்திலிருந்து நேரே பெரம்பூர் வந்து, மூன்று மாடி ஏறி, பார்சலை உன் கையில் கொடுத்து, தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார் என்று சொன்னாய். பொட்டு அச்சாக இருந்ததாம். அது மட்டுமல்ல, நீ எனக்குக் கொடுத்தனுப்பிய பதில் பார்சலையும் இறங்கிய அன்றே ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். டேப் ஒட்டியது ஒட்டியபடி, நூல் கட்டியது கட்டியபடி. இங்கேதான் எனக்குச் சந்தேகம் ஆரம்பித்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு பார்சல் கடல் தாண்டி நான் பார்த்ததில்லை. ஓரம் நசுங்க வேண்டாமா, ஒரு எண்ணெய்க் கறையாவது பட வேண்டாமா? ஒருவேளை பிரித்துப் பார்த்துவிட்டுப் புது டேப் ஒட்டியிருப்பாரோ? அதற்கு ஏற்றாற்போல் மறுநாளே போன் செய்து, "அண்ணா, அக்கா குடுத்தது பிரிச்சீங்களா?" என்றார். அடுத்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோதும் அதே கேள்வி. போன வாரம் வீட்டுக்கே வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜ் மேலே இருந்த பார்சலையே பார்த்து, "இன்னும் பிரிக்கலியா அண்ணா?" என்றார். அடுத்தவர் பார்சல் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர், நாளைக்கு நம் பத்திரத்தின் மேல் எவ்வளவு அக்கறை காட்டுவார் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

நீயும் போனில் "குடுத்தனுப்பினதப் பாத்துட்டு ஆக வேண்டியதப் பாருடா" என்றாய். பார்த்தேன் அக்கா. நாலு பக்கமும் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஆட்டிப் பார்த்ததில் கலகலவென்றது, சீடை என்று முடிவு செய்தேன். ஆனால் பிரிக்கவில்லை, பிரித்தால் ஆதாரம் போய்விடும். ஆகவே நீ உடனே தெரிவிக்க வேண்டியது: டேப் நீ ஒட்டியதா, அத்தான் ஒட்டியதா? நூல் வெள்ளையா, மஞ்சளா? முடிச்சு எந்தப் பக்கம்? விடை வந்த பிறகுதான் சீடையில் கை வைப்பேன். ஷோபா பார்சல் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மொத்தத்தில் என் முடிவு: வக்கீல் பேசுகிறார், ஏறவில்லை. இன்ஜினியர் ஏறுகிறார், தின்கிறார். புரோக்கர் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார், அதனால் நம்ப முடியவில்லை. மூவரையும் விட்டுவிட்டுப் புதிதாக வேறு மூவரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். டேப் வாங்கி வைத்துவிட்டேன். ஷீலாவிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன், அவள் அன்றைக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றாமலே போனாள். இனி பார்சலோடு வருகிறவர் யாராயிருந்தாலும் நீ கீழே இறங்காதே, இது தம்பி வேண்டுகோள். அத்தானுக்கு என் வணக்கம். உன் வாழ்த்தும் ஆசியும் எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
ஆறுமுகம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து மடித்து வைக்கும்போது ஷோபா சமையலறையிலிருந்து "எறும்பு" என்றாள். ஃப்ரிட்ஜ் மேலே பார்சலைச் சுற்றி எறும்பு சாரை. நான் வருவதற்குள் அவள் கத்தரிக்கோல் போட்டுவிட்டாள். உள்ளே அதிரசம், சீடை டப்பா, டப்பாவுக்குள் நம் வாசல் சாவி. நெய் பட்டு வழுவழுவென்றிருந்தது. அதை என் துண்டில் துடைத்தேன் அக்கா. நீ என்றைக்கோ முடிவு செய்து அனுப்பிவிட்டாய், நான் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவியோடு பஸ் பிடித்து அபர்டீன் பஜார் போய் விஜயராஜ் முன்னால் நின்றேன்.

"நான்தான் மூணு தடவ கேட்டேனே அண்ணா" என்றார்.

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அக்கா என் கண்ணு முன்னாலதான் வச்சுக் கட்டினாங்க."

"அப்பச் சொல்லியிருக்கலாமே, ஒரு மாசம் போச்சே."

"தம்பி கையில குடுன்னுதான் சொன்னாங்க. உள்ள இருக்கறத நானே சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன ஆளு?"

என் சாவியையும் எடுத்து உன் சாவியோடு சேர்த்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பத்திரம் பார்க்க ஹரிஹரன், அளக்க செந்தமிழன், அவர்களை மேய்க்க விஜயராஜ் என்று ஆகிவிட்டது. அளக்கிற அன்றைக்குச் செந்தமிழனுக்கு முதலில் வயிறாரச் சாப்பாடு போட ஷோபா ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஷீலாவுக்குப் போன் செய்தேன், அவள் சந்தோஷத்தில் முதலில் கேட்டது கறிவேப்பிலைச் செடியைப் பற்றித்தான்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றிருந்தேன். "அப்படியே அனுப்புங்க" என்று ஷோபா பிடுங்கிக் கவரில் போட்டுவிட்டாள். உன் கையெழுத்து வாங்கக் காகிதங்களோடு விஜயராஜே வருகிறார், இதையும் அவரிடம்தான் கொடுக்கிறேன். கவரை ஒட்டவில்லை. டேப் இல்லை, பொட்டும் இல்லை. மூன்று மாடி ஏறி வருவார், முதலில் தண்ணீர் கொடு. வழியில் இதைப் படித்தாரா என்று மட்டும் அவரிடம் கேட்காதே. எனக்குத் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசைதான், ஆனாலும் கேட்காதே.