நாற்பத்தொன்றாம் தொட்டிப் போர்

வாழ்க அவன்! பல்துலக்கும் பிரஷ் கடைவாயில் வாளெனத் தொங்க, நுரை வெண்தாடியென வழிய, ஒற்றைக்காற் செருப்போடு மொட்டைமாடிப் படிகளை மூன்று மூன்றாகத் தாவி ஏறுகிறானே, அந்த லிப்ட் மெக்கானிக் வாழ்க! இருபது மாடிக் கட்டடங்களின் இரும்புக் கூண்டுகளைத் தூக்கி நிறுத்தும் தீரன், சொந்த வீட்டில் மட்டும் படியேறியே மூச்சிரைக்கும் பரிதாபன், டேலில்லிப் பூக்குலத்தின் தனிப்பெருங் காவலன் வாழ்க, வாழ்க!

ஏன் இந்த ஓட்டம்? நாற்பத்தொன்றாம் தொட்டியின் ஒரே மொட்டை நோக்கி ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. மாடிக் கைப்பிடிச்சுவர் மேலிருந்த அந்தத் தொட்டியை ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்துவிட்டான்.

காலையில் விரிந்து மாலையில் வாடும் ஒருநாள் அரசி டேலில்லி. ஆரஞ்சு வண்ணத் தாய்க்கும் ஊதா வண்ணத் தந்தைக்கும் மணமுடித்து, உலகம் காணாத புதுநிறம் படைக்க மூன்றாண்டுகளுக்கு முன் சபதமேற்றான் நம் வீரன். ஊதாவின் மகரந்தத்தை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு ஆரஞ்சுப் பூக்களில் தடவினான். காய்கள் முற்றி வெடித்ததும் மிளகுக்கு நிகரான கருவிதைகளைப் பொறுக்கி, பிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பின்னே ஒரு மாதம் குளிர்தவம் புரியவைத்து, நாற்பத்தொரு தொட்டிகளில் நட்டான்.

நாற்பது பூத்தன. நாற்பதும் ஆரஞ்சு. அம்மாவை உரித்து வைத்த அச்சு அசல் ஆரஞ்சு!

அன்றே பிரகடனம் செய்தாள் பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையை ஆளும் அவன் மனைவி. "துணி காயப்போட இடமில்லாம மூணு வருஷமா சோபா மேல ஈரத்துண்டு கிடக்குது. கடைசித் தொட்டியும் ஆரஞ்சா பூத்துச்சுன்னா அத்தனையும் மாடியை விட்டு இறங்கணும். சொல்லிட்டேன்!"

"ஊதா கலந்து பூத்தா?"

"பூத்தா, சோபா நாசமாப் போகட்டும்."

இனி போர்க்களம். முதுகிலே கோட்டை, முகத்திலே இரு ஈட்டி, பின்னே வெள்ளிச்சாலை அமைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு விரற்கடை வேகத்தில் மின்னலென முன்னேறியது நத்தைப் பெரும்படை. மொட்டுக்கும் அதற்கும் இடையே நாலே அங்குலம். பிடித்து இழுத்தால் தண்டு ஒடியும். விட்டுவைத்தால் மூன்றாண்டுத் தவம் நத்தைக்குக் காலைப் பலகாரம்.

"நில்லடா, நீசனே!" என்று முழங்கினான். நுரைதான் தெறித்தது.

"முதல்ல வாயிலேர்ந்து பிரஷ்ஷை எடுத்துட்டுக் கத்துங்க, புரியலை!" என்றது கீழ்த்தளத்துச் சமையலறை.

எடுத்தான். எடுத்த கணத்தில் யுத்தியும் பிறந்தது. நூலளவு பிசகாமல் கூண்டை நிறுத்திப் பழகிய அந்தக் கரம், பிரஷ்ஷின் பிடியை நத்தையின் வயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவே செருகி, மதில்மேல் உடும்பைப் பெயர்ப்பதுபோல் மெல்ல, மெல்ல, மெல்ல நெம்பியது. "ப்ளக்" என்றொரு பேரிடி! பகைவன் பிரஷ்ஷேறிச் சிறைப்பட்டு, பக்கத்து வாளிக்குள் நாடுகடத்தப்பட்டான்.

அப்போது கதிரவன் எழ, மொட்டவிழ்ந்தது. இதழெங்கும் கருஊதா, ஓரமெங்கும் ஆரஞ்சுச் சரிகை, தொண்டையிலே பொற்குழம்பு!

"ஏய், ஓடி வா! என் கையைப் பாரு! இந்தப் பத்து விரலும் பிரம்மாவோட விரல்! இதுக்கு என் பேரைத்தான் வைக்கப்போறேன்!"

ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கியபடி வந்தவள், பூவை நெடுநேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். முடியவில்லை.

"என்ன சிரிப்பு?"

"நடுவுல நீளமா ஒண்ணு நிக்குதே, அதோட நுனியில தடவினாத்தான் காய் பிடிக்கும்னு செடி வாங்கின கடைக்காரர் படம் வரைஞ்சே கொடுத்தாரு. நீங்க சுத்தியிருக்கிற ஆறு காம்புலயும் பூசிட்டு வேலைக்குப் போயிட்டீங்க. சொன்னா கோவப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

வீரன் திகைத்தான். "அப்போ நாற்பத்தொரு செடி எப்படிடி முளைச்சது?"

"நாற்பதும் தேனீ வெச்சதுங்க, இது ஒண்ணு மட்டும் ஊதாவைத் தொட்டு நான் வெச்சது."